நாலு பேர் விதைத்த வயல்

மே 19

தம்பிக்கு,

“அன்புள்ள” என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்பா அடக்கத்தன்றைக்கு வேதக்கோயிலில் நீ பேசியது குறுக்கே வந்து நின்றது. அந்த ஒரு சொல்லை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

நீ போன் பண்ணிக்கொண்டே இருக்கிறாய். அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நான் பாத்திரம் தேய்க்கிறேன். எடுத்தால் என்ன ஆகும்? நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்பது சொல்வேன், கடைசியில் போனை முதலில் வைத்தது யார் என்று அதற்குத் தனியாக ஒரு சண்டை. எழுதினால் பாதிக் கோபம் காகிதத்தை மடிக்கும்போதே ஆறிவிடும். ஆறாத பாதி இதோ.

அப்பாவை அடக்கம் பண்ண ஊரே வந்து நின்றது. பால்காரர் கறவையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். செக்குக்காரர் எண்ணெய்ச் செக்கை நிறுத்திவிட்டு, அழுக்குச் சட்டையை மாற்றக்கூடத் தோன்றாமல் ஓடி வந்தார். தையல்காரம்மா பெட்டிக்குள் விரிக்கும் துணியைத் தன் கையாலேயே ஓரம் அடித்துக் கொண்டுவந்தாள். மகன் இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்று உன்னைக் கூப்பிட்டார்கள். நீ எழுந்து போனாய். “இவரு எல்லாருக்கும் அப்பாவா இருந்தாரு. எனக்கு மட்டும்தான் அவருக்கு நேரம் இல்ல” என்றாய். வந்து உட்கார்ந்தாய். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயே இரண்டாகப் பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக, “நிலத்த வித்துடலாம்க்கா, நீ தனியா என்ன பண்ணுவ” என்றாய். மண் போட்ட கையை நான் இன்னும் கழுவக்கூட இல்லை. உன் வாய்க்குப் பூட்டு போட அம்மா இல்லாமல் போய்விட்டாள்.

இங்கே அவர் கட்டில் அப்படியே கிடக்கிறது. தொப்பி ஆணியில் தொங்குகிறது. காலையில் கோயில் கதவைத் திறக்க யார் போவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்தானே திறப்பார், அவர்தானே பெருக்குவார், பிறகு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். மூன்று நாள் வெளியில் நின்றே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் நான் போய்த் திறந்தேன்.

பதில் எழுது. எழுதாவிட்டாலும் சாப்பிடு.

அக்கா

*

மே 27

அக்காவுக்கு,

நான் சொன்னதில் பொய் ஏதாவது இருந்தால் சொல், திருத்திக்கொள்கிறேன். இடம் தப்பு, நேரம் தப்பு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஊர் முழுக்க “எங்களுக்கு அப்பா மாதிரி, எங்களுக்கு அப்பா மாதிரி” என்று அழுதுகொண்டிருக்கிறது. சொந்த மகன் நான், எனக்கு அழுகை வரவில்லை. வராத அழுகையை எங்கே போய் வாங்குவது?

இதை எழுதுவது கிடங்கின் ஓய்வறையில். உனக்குத் தெரியும், காய்கறிக் குளிர்கிடங்கு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு பொறுக்குகிறோம். நல்லது ஒரு பக்கம், அடிபட்டது ஒரு பக்கம், அழுகினது கீழே. உள்ளே பேனா எழுதாது, குளிரில் மை இறுகிவிடும். அதனால் வெளியே வரும்போதெல்லாம் நாலு வரி எழுதிவிட்டுத் திரும்பப் போகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் விரல் விறைத்திருக்கிறது என்று அர்த்தம், கோபம் என்று நினைக்காதே. கோபமும் இருக்கிறது, அது வேறு.

நிலத்தைப் பற்றி. செங்கல் சூளைக்காரர் கேட்கிறார். நல்ல விலை. அவர் மேல் மண்ணை வெட்டி எடுப்பார், அது எனக்கும் தெரியும், எனக்கு ஒன்றும் சந்தோஷம் இல்லை. ஆனால் நாங்கள் இருக்கிற வீட்டை நீ வந்து பார்த்ததில்லை. கீழே வெல்டிங் கடை, மேலே நாங்கள். நாள் முழுக்கக் கண்ணைக் கூசும் நீல வெளிச்சம் சுவரில் துள்ளிக்கொண்டிருக்கும். உன் தம்பி பெண்டாட்டி துணி காயப்போட்டால் பொறி பட்டு ஓட்டை விழுகிறது. சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று கேட்பது பேராசையா?

அந்த நிலம் நமக்கு எப்போது சோறு போட்டது? மழை விழுந்தவுடன் அவர் என்ன செய்வார்? படுத்துக் கிடக்கிறவன் வயலை உழுவார், புருஷன் இல்லாதவள் வயலை உழுவார், டிராக்டர் கெட்டுப்போனவன் வயலை உழுவார். எல்லாம் முடிந்து நம் வயலுக்கு வரும்போது ஈரம் போயிருக்கும். ஊர்ப் பயிர் இடுப்பளவு நிற்கும்போது நம்முடையது கணுக்காலுக்கு எட்டாது. அம்மா குடத்தில் தண்ணீர் தூக்கி ஊற்றுவாள். எனக்கு அந்தக் குடம்தான் ஞாபகம் இருக்கிறது.

நீ அவரோடு கடைசிவரை இருந்தாய். உனக்கு வேறு அப்பா. எனக்குக் கிடைத்தவர் வேறு.

சாப்பிடுகிறேன்.

தம்பி

*

ஜூன் 4

தம்பிக்கு,

குடம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. இன்னொரு குடத்தைத் தூக்கியவள் நான். எல்லாவற்றையும் நீயே சுமந்த மாதிரி எழுதாதே.

அவரைக் கடவுள் என்று நான் சொல்லவில்லை. கோபக்காரர். பிடித்தால் பிடித்ததுதான். உப்பு ஒரு கல் கூடினால் சட்டியைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார், பிறகு கொல்லையில் நின்று தனியாக வருத்தப்படுவார், வந்து மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் போன பிறகு இத்தனை வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டவள்.

ஆனால் அவர் அடுத்தவர் வயலுக்குப் போகும் அழகு உனக்கு மறந்துவிட்டதா? விடிவதற்கு முன் கிளம்புவார். அந்த ஓட்டை டிராக்டர் ஊரையே எழுப்பும். ஒருவரும் எழமாட்டார்கள். எழுந்தாலும் ஜன்னல் பக்கம் தலை காட்டமாட்டார்கள். சத்தம் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள வேண்டும், அது ஊர்ச் சட்டம். காலையில் வயல்காரன் வந்து, “பெரியவரே, நம்ம வயல யாரோ உழுதுட்டாங்க” என்பான். இவர் முழங்கால்வரை சேற்றோடு நின்றுகொண்டு, “அப்படியா? யாருப்பா அது?” என்பார். முகத்தில் ஒரு சிரிப்பு வருமா? வராது. “செஞ்சத வாயால சொன்னா அது சாமிக்குப் போகாது, ஊருக்குப் போயிடும்” என்று நமக்குச் சொல்வார். அந்த ஒரு பேச்சு ஊரில் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நீ கேட்கும் வீடு நியாயம். எனக்கும் அது புரிகிறது. ஆனால் சூளைக்காரர் வெட்டினால் அது அப்புறம் நிலம் இல்லை, பள்ளம். ஒரே ஒரு வெள்ளாமைக்கு எனக்கு விடு. இந்த மழைக்கு நான் மக்காச்சோளம் போடுகிறேன். என் கையால் ஒழுங்காக விளைவித்துக் காட்டினால் நிலம் நிற்கட்டும், உன் பங்குக்கான விளைச்சல் வருஷா வருஷம் உனக்கு வந்துசேரும். விளையாவிட்டால் நீ சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன், வாயைத் திறக்கமாட்டேன்.

அந்த வயல் போனால் நான் எந்தக் காலையில் எதற்கு எழுந்திருப்பது? அதையும் யோசி.

அக்கா

*

ஜூன் 10

அக்காவுக்கு,

சரி. ஒரு வெள்ளாமை. சூளைக்காரரிடம் அறுவடை வரைக்கும் பொறுக்கச் சொல்லிவிட்டேன். மூஞ்சியைச் சுளித்தார், பொறுப்பதாகச் சொன்னார்.

ஒரு நிபந்தனை. நம் வயலை முதலில் உழு. ஊர் வயலெல்லாம் முடியட்டும் என்று அவர் மாதிரி புண்ணியம் தேடிக்கொண்டு நிற்காதே. விதை நேர்த்தி பண்ணிப் போடு. மருந்து தெளிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்.

நீ ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறேனா, தோற்க வேண்டும் என்று நினைக்கிறேனா, எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன்.

தம்பி

*

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

அந்தச் சொல் கைக்கு வந்துவிட்டது, எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

உழவுக்கு ஆள் பேசுவதற்குள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. உள்ளே தையல்காரம்மா கஞ்சி வைத்துவிட்டுப் போவாள், வெளியே மேகம் கூடிக்கொண்டு நிற்கும். தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போது ஒரு விடியற்காலை டிராக்டர் சத்தம் கேட்டது. நம் வயல் பக்கம்! எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. பழக்கம் விடுமா? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கண்ணீர் காதுக்குள் போனது. அப்புறமும் ஒன்றிரண்டு நாள் விடியற்காலையில் வயல் பக்கம் ஆள் நடமாடும் சத்தம், மண்ணை இழுத்து மூடும் சத்தம். கட்டி உடைக்கிறார்கள், சமப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கவில்லை. பார்ப்பது மரியாதை இல்லை.

காய்ச்சல் விட்டதும் போய்ப் பார்த்தால் வயல் பெருக்கிவிட்ட முற்றம் மாதிரி சுத்தமாக, சமமாக இருக்கிறது. அந்த மண்ணில் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. கயிறு பிடித்து, வரிசையாக, மக்காச்சோளத்தை ஊன்றினேன். கடைசி வரிசை முடிந்து வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது மழை பிடித்தது. நல்ல மழை.

நம் வயல் இந்த வருஷம்தான் முதல் முதலாக நேரத்தோடு விதைக்கப்பட்டிருக்கிறது. அப்பா இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பார்.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

சிரிக்காமல் படி. சிரித்தாலும் பரவாயில்லை, நானும் முதலில் சிரித்தேன், வரப்பில் உட்கார்ந்து. பிறகுதான் அழுதேன்.

முளை வந்துவிட்டது. மக்காச்சோளம் வரிசையாக வந்தது. வரிசைக்கு நடுவில் உளுந்து வந்தது. உளுந்து நான் போடவில்லை. சரி, பழைய விதை எங்காவது கிடந்திருக்கும் என்று விட்டேன். மறுநாள் பார்த்தால் சோளம். அதுவும் மக்காச்சோளமும் முளையில் ஒரே அச்சு, எது எது என்று கண் மயங்குகிறது. அதற்கும் அடுத்து, பொடிப் பொடியாக, வயல் முழுக்க எள்.

புரிகிறதா? யாரோ ஒருவர் உழுதிருக்கிறார். அப்புறம் வந்த ஒவ்வொருவரும், “ஐயோ, உழவோடு நின்றுவிட்டதே, பெரியவர் வயல் விதைக்காமல் கிடக்கிறதே” என்று தன் வீட்டு விதையைக் கொண்டுவந்து தூவி மூடிவிட்டுப் போயிருக்கிறார். ஒருவர் போட்டது அடுத்தவருக்குத் தெரியாது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் உட்பட. எல்லாம் அவர் வளர்த்த வளர்ப்பு.

கோயிலில் பிரார்த்தனை முடிந்ததும் எழுந்து நின்று கேட்டேன். “நம்ம வயல்ல யாரு விதை போட்டீங்க? கோவமில்ல, தெரிஞ்சாத் தேவல.” எல்லார் தலையும் குனிந்துகொண்டது. செக்குக்காரர் கூரையைப் பார்த்தார். எள் இந்த ஊரில் வேறு யாரிடம் இருக்கிறது, சொல்லு? பால்காரர் தன் செருப்பை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். மாட்டுக்குச் சோளத்தட்டை வேண்டும் என்று எந்நேரமும் புலம்புகிறவர் அவர்தான். உளுந்து யார் என்று நான் கேட்கவே இல்லை. தையல்காரம்மாவின் முகம் போன போக்கு போதும்.

இப்போது நான் என்ன செய்வது? நாலும் நின்றால் நாலும் சாகும், ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டு. பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்குவது? காலையில் போய்க் குனிகிறேன். ஒரு எள்ளுச் செடியில் கை வைத்தால் செக்குக்காரர் அடக்கத்தன்றைக்கு அழுத அழுகை ஞாபகம் வருகிறது. வைத்த கையை இழுத்துக்கொள்கிறேன். தினமும் வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறேன். பயிர் மட்டும் நிற்காமல் வளர்கிறது.

வயலைக் காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சி வாங்கியவள் நான். ஒரு செடியைப் பிடுங்க முடியவில்லை.

அக்கா

*

ஜூலை 22

அக்கா,

சிரித்தேன். ஓய்வறையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு எனக்கு எரிச்சல் வந்தது. பார், செத்த பிறகும் அவர் புண்ணியம் நம் வயலைத்தான் கெடுக்கிறது.

இங்கே நாள் முழுக்க நான் செய்கிற வேலை இதுதான், எது நிற்க வேண்டும், எது போக வேண்டும். அதனால் சொல்கிறேன், கேள். மக்காச்சோளமும் உளுந்தும் நிற்கட்டும், இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகும். எள்ளை முழுக்க எடு. சோளத்தை எடு. அடையாளம் தெரியவில்லை என்கிறாய், நீ கயிறு பிடித்துத்தானே ஊன்றினாய்? கயிற்றிலிருந்து விலகி நிற்பதெல்லாம் சோளம். ஆனால் கிழக்கு மூலையில் எடுக்காதே. அங்கே தண்ணீர் தேங்கும், உளுந்து அழுகும், சோளம்தான் தாங்கும். நடுவில் பாறை தட்டுகிற இடத்தில் எதுவும் வராது, அங்கே மெனக்கெடாதே. மழை விட்ட மறுநாள் பிடுங்கு, வேரோடு வரும். அழுதுகொண்டே பிடுங்கினாலும் பரவாயில்லை, பிடுங்கு.

எழுதி முடித்துவிட்டுப் பார்க்கிறேன், கிழக்கு மூலை எனக்கு ஏன் இன்னும் ஞாபகம் இருக்கிறது?

நீ என்னிடம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கோயிலில் நான் பேசியது நிலத்துக்காக இல்லை.

அம்மா போன அன்றைக்கு நீ உன் புகுந்த வீட்டில் இருந்தாய். உனக்குச் சொன்னது, காய்ச்சல் முற்றிவிட்டது என்று. அது உண்மைதான். முதலில் சாதாரணக் காய்ச்சல்தான் என்று எல்லாரும் நினைத்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தேன், அம்மா கட்டிலில் கிடந்தாள். “அப்பா வந்துட்டாரா?” என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது அவள் குரல் சரியில்லை. ஓடினேன். அவர் செக்குக்காரர் வீட்டில் இருந்தார். செக்குக்காரருடைய அப்பாவுக்குக் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, இவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். என்னைப் பார்த்தார். பிரார்த்தனையை நிறுத்தாமல், இன்னொரு கையைத் தூக்கி, “இரு” என்று காட்டினார்.

நான் இருக்கவில்லை, திரும்பி ஓடினேன். அம்மா என்னை அப்பா என்று நினைத்துக்கொண்டாள். “வந்துட்டீங்களா” என்றாள். நான் “ம்” என்றேன். அவ்வளவுதான், அக்கா.

அவர் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கிழவருக்கு நல்ல சாவு கிடைத்தது என்று ஊரெல்லாம் சொன்னது, பெரியவர் பக்கத்தில் இருந்தாராம். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமலே அவர் மகனாக இருந்து, வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

இதைத்தான் கோயிலில் சொல்ல எழுந்தேன். அந்த அரை வரிதான் வாயில் வந்தது.

தம்பி

*

ஜூலை 30

தம்பி,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். இப்போது என்னால் எழுத முடியவில்லை. கோபம் இல்லை. கொஞ்சம் பொறு.

அக்கா

*

ஆகஸ்ட் 24

அக்கா,

பொறு என்றாய், பொறுத்தேன். தபால்காரர் வெல்டிங் கடைக்குள் நுழையும்போதெல்லாம் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டி, இல்லை என்று கை விரிக்கிறார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. பால்காரர் நம்பருக்கு அடித்துக் கேட்டேன். “நல்லாத்தான் இருக்காங்க, வயல்லயே கெடக்காங்க” என்றார்.

சொல்லியிருக்கக் கூடாதோ? உனக்கு இருந்த ஒரு அப்பாவையும் நான் கெடுத்துவிட்டேனோ? பயிர் எப்படி இருக்கிறது என்றாவது எழுது.

தம்பி

*

செப்டம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் பயிர். நீ சொன்னபடியே செய்தேன். மழை விட்ட மறுநாள் எள்ளில் கை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் செக்குக்காரர் வந்து பக்கத்து வரிசையில் குந்தினார். எள்ளாகப் பார்த்துப் பிடுங்கினார். “உங்க எள்ளா அண்ணே?” என்றேன். “யாரு, என்னோடதா? எனக்கெப்படித் தெரியும்?” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அப்புறம் பால்காரர் வந்து சோளத்தைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாக மாட்டுக்கு எடுத்துப்போனார். அவருக்கு நஷ்டமில்லை.

ஆனால் நேரம் கடந்துவிட்டது. நான் தயங்கிய நாட்களில் பயிரெல்லாம் ஒன்றை ஒன்று மெலியவைத்துவிட்டன. அப்புறம் மழையும் இல்லை. கதிர் விரல் அளவுதான் பிடித்திருக்கிறது, பாதி மணியில்லாத பொக்கு. கிழக்கு மூலைச் சோளம் மட்டும் நன்றாக நிற்கிறது, நீ சொன்னது சரி. அது போதாது. பேச்சு பேச்சாக இருக்க வேண்டும். நான் தோற்றுவிட்டேன். சூளைக்காரரை வரச் சொல். கையெழுத்துப் போடுகிறேன், வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்னேன், திறக்கமாட்டேன்.

இப்போது மற்றது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் தொப்பியை ஆணியிலிருந்து எடுத்துத் தரையில் வீசினேன். எனக்குத் தெரியாதே தம்பி. சின்னப் பையன் “ம்” என்று சொல்லி அம்மாவை அனுப்பிவைத்தது எனக்குத் தெரியாதே. இத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டு எப்படி உருளைக்கிழங்கு பொறுக்கினாய்? அவர் செய்தது தப்பு. அவ்வளவுதான்.

ஆனால் இத்தனை நாளாக ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுத முடியவில்லை.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா தினமும் வந்தார். உள்ளே வரமாட்டார். வார்டு வாசலில், தண்ணீர் டிரம் பக்கத்தில் சாயங்காலம்வரை நிற்பார். “உள்ள வாங்கப்பா” என்றால், “செருப்புல சேறு” என்பார். கோடைக்காலம், சேறு எங்கே இருந்து வந்தது? மருமகனை அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அந்த ஆத்திரம் எனக்குள் இருந்தது, உன்னிடம்கூடச் சொன்னதில்லை. பால்காரரிடம் இப்போது கேட்டேன். “பெரியவரு உங்க அம்மா போனதுக்கு அப்புறம் எந்தச் சாவு வீட்டுலயும் கட்டில்கிட்ட வந்ததில்லம்மா. குழி வெட்டுவாரு, சமையலுக்கு விறகு போடுவாரு, எல்லாஞ் செய்வாரு. உசிரு போற எடத்துல உக்கார மாட்டாரு. வெளிய படியிலயே நிப்பாரு” என்றார். சாவைக் கண்டால் அவருக்குப் பயம் என்று ஊர் பேசிக்கொண்டதாம்.

அவர் கடைசி நாளை எல்லாருக்கும் நான் “அமைதியா போனாரு” என்று மட்டும் சொன்னேன். நடந்தது இது. சாயங்காலம். மூச்சு வாங்கியது. நான் கட்டிலை ஒட்டி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை உருவிக்கொண்டார். “போயி கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டு” என்றார். “காட்டிட்டேன்பா.” “திரும்பக் காட்டு. போ.” அந்தக் குரல் உனக்குத் தெரியும். போனேன். வாளியை வைத்தேன், கன்று குடிக்கவில்லை, அதற்குத் தாகமே இல்லை. திரும்பி வந்தபோது அவர் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று எரிச்சல்பட்டு விரட்டிவிட்டார், கடைசியாக என்னிடம் பட்டது எரிச்சல்தான் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

உன் கடிதத்துக்குப் பிறகு எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அம்மா பக்கத்தில் தான் இருக்கவில்லை. அதனால் வேறு யார் பக்கத்திலும் உட்காரத் தனக்கு யோக்கியதை இல்லை என்று வைத்துக்கொண்டார். தன் பக்கத்தில் யாரும் உட்காரவும் விடவில்லை. அவர் வாயால் சொன்னதில்லை. செய்த நல்லதையே சொல்லாத மனுஷன், இதையா சொல்லப்போகிறார்? இது என் ஊகம். சரியாக இருந்தால், அந்த முரட்டு மனுஷன் இத்தனை வருஷமும், அன்றைக்கு நீ நின்ற அந்த வாசலில் உன்னோடுதான் நின்றுகொண்டிருந்தார்.

தொப்பியைத் தூசி தட்டித் திரும்ப மாட்டிவிட்டேன்.

அக்கா

*

செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

சூளைக்காரருக்குப் போன் பண்ணி நிலம் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். கண்டபடி பேசினார், கேட்டுக்கொண்டேன். நீ தோற்றது தோற்றதுதான், அதை மாற்றிச் சொல்லவில்லை. விற்க எனக்கு மனம் வரவில்லை. வெல்டிங் கடைக்கு மேலேயே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுகிறோம். உன் தம்பி பெண்டாட்டி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவளாகவே, “அக்கா காய்ச்சல்ல கெடந்தப்ப நம்மள்ல ஒருத்தரு போயிருக்கணும்” என்றாள். லீவு கேட்டிருக்கிறேன். அந்தப் பொக்குக் கதிரை நானும் வந்து ஒடிக்கிறேன்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. அந்தக் கை, “இரு” என்று காட்டிய கை, இன்னும் அப்படியே நிற்கிறது. ஆனால் உன் கடிதத்தைக் கிடங்குக்குள்ளே நின்று படித்தேன். மூட்டைகளுக்கு நடுவில் கண்ணீர் வந்தது. அடக்கத்தன்றைக்கு வராதது எல்லாம் வந்தது. கூட வேலை செய்கிறவன் குளிர் தாங்கவில்லை என்று நினைத்து என்னை வெயிலில் கொண்டுபோய் உட்காரவைத்தான்.

ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நீ சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கிறவள். அவர் போகச் சொன்னார், போனாய். அதில் உன் தப்பு இம்மியும் இல்லை. நான் அப்படியா? படி என்றால் விளையாடுவேன், வா என்றால் போவேன், கடைசியாகப் “போகாதடா” என்றார், பஸ் ஏறிவிட்டேன். அந்தச் சாயங்காலம் கட்டில் பக்கத்தில் நான் இருந்திருக்க வேண்டும், அக்கா. கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டு என்று என்னிடம் சொல்லியிருந்தால், “முடியாது போங்க” என்றிருப்பேன். கையை உருவினால் திரும்பப் பிடித்திருப்பேன். திட்டியிருப்பார். திட்டிக்கொண்டேதான் போயிருப்பார், ஆனால் தனியாகப் போயிருக்கமாட்டார்.

தம்பி